அரிவாள் அணுவின் பூர்வீகம்

நீலகிரி இருளரும், சவூதியின் கதீஃப் ஊர்க்காரரும், கிரேக்க விவசாயியும் ஒரே மரபணுவைச் சுமப்பது எப்படி? எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கும் ஒரு தேடல்.

1952-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சிறு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ். தென்னிந்தியாவில், நீலகிரி மலையிலும் அதன் அடிவாரத்திலும் வாழும் பழங்குடிகளின் ரத்தத்தில் அரிவாள் வடிவச் சிவப்பணுக்கள் இருக்கின்றன. சில சமூகங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அந்தக் கூறு இருக்கிறது என்பதுதான் அதன் சாரம். அதே ஆண்டில் டன்லப், மஜும்தார் என்ற இருவர், அசாம் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிகார், ஒடிசா பக்கமிருந்து கூட்டிவரப்பட்ட தொழிலாளர்களிடமும் இதே அணுக்களைக் கண்டதாக எழுதினார்கள்.

இதில் என்ன அதிசயம் என்று இன்றைக்குத் தோன்றலாம். அன்றைய மருத்துவ உலகத்துக்கு இது நம்ப முடியாத செய்தி. அரிவாள் அணுச்சோகை என்றால் அது கறுப்பின மக்களின் நோய், ஆப்பிரிக்க ரத்தத்தின் முத்திரை என்று அமெரிக்க மருத்துவர்கள் நாற்பது ஆண்டாக எழுதிவைத்திருந்தார்கள். சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக் 1910-இல் முதன்முதலாக விவரித்த நோயாளி, கரீபியன் தீவான கிரனடாவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்த கறுப்பின மாணவர். அதற்குப் பிறகு வந்தவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் கறுப்பினத்தவர். அந்த இரண்டையும் வைத்து ஒரு விதியே எழுதிவிட்டார்கள். 1929-இல் தாமஸ் கூலியும் பேர்ல் லீயும் ஒரு கிரேக்கக் குடும்பத்தில் இந்த நோய் இருப்பதை எடுத்துச் சொன்னபோதுகூட, விதி தவறோ என்று யோசித்தவர்கள் குறைவு. வெள்ளைக்காரருக்கு அரிவாள் அணு என்றால் குடும்பத்தில் எங்கோ மறைந்து கிடக்கும் ஆப்பிரிக்க மூதாதையைத் தேடு என்பதே அன்றைய மருத்துவ நியாயம். ரத்தத்தைப் பரிசோதிக்கப் போய் பரம்பரையைத் துப்புத் துலக்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நியாயத்துக்கு நீலகிரி மசியவில்லை. அங்குள்ள பழங்குடிகளான இருளரையும் பணியரையும் எந்த அடிமைக் கப்பலும் கொண்டுவந்து இறக்கவில்லை. அப்படியானால் இந்தக் கூறு அவர்களிடம் எப்படி வந்தது?

ஒரே ஒரு எழுத்து

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். சிவப்பணுவுக்குள் ஆக்ஸிஜனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். அதன் பீட்டா இழையில் 146 அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்திருக்கின்றன. ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்கவேண்டும். அரிவாள் அணுக்காரருக்கு அந்த இடத்தில் வேலின் இருக்கிறது. மீதி 145-இல் எந்த வித்தியாசமும் இல்லை. கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்கிரம் 1950-களின் நடுவில் இதைக் கண்டுபிடித்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1949-இல், லைனஸ் பாலிங்கின் குழு இது ஹீமோகுளோபின் மூலக்கூறிலேயே உள்ள கோளாறு என்று நிறுவியிருந்தது. டிஎன்ஏவின் மொழியில் சொன்னால், பதினோராவது குரோமோசோமில் ‘ஏ’ இருக்கவேண்டிய ஓரிடத்தில் ‘டி’ வந்துவிட்டது. அவ்வளவுதான்.

அந்த ஒரு மாற்றம் போதும். ஆக்ஸிஜனை இறக்கிவைத்த ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட நார்களாகின்றன. வட்டமான சிவப்பணு வளைந்து விறைக்கிறது. நெளிந்து போகவேண்டிய நுண்குழாய்களில் அடைத்துக்கொள்கிறது. சாதாரணச் சிவப்பணு 120 நாள் ஓடும். இது 10 முதல் 20 நாளில் உடைந்துபோகும். எலும்புக்குள் கத்தியால் குடைவதுபோன்ற வலி, ஓயாத சோகை, மஞ்சள் பூத்த கண், மண்ணீரல் கெட்டுப்போவதால் குழந்தைகளைக் கொல்லும் தொற்றுகள் எல்லாம் இதிலிருந்து கிளம்புகின்றன.

இவையெல்லாம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணுவைப் பெற்றவருக்கு. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் ‘டிரெய்ட்’. நீலகிரியின் கூடலூர், பந்தலூர் பக்கத்தில் செவிலியர்கள் இந்தச் சொல்லை அப்படியேதான் சொல்கிறார்கள். டிரெய்ட் நோயல்ல. பெரும்பாலோர் ஆயுள் முழுக்க அது தெரியாமலேயே வாழ்ந்து முடித்துவிடுவார்கள். டிரெய்ட் உள்ள இருவர் மணந்துகொண்டால் மட்டும், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, பிறக்கும் குழந்தைக்கு நோய்.

சோதனை எளிமையானது. சின்னக் கண்ணாடிக் குழாயில் டைதயோனைட் கலந்த கரைசல். அதில் விரல் நுனியிலிருந்து எடுத்த துளி ரத்தம். குலுக்கிவிட்டுச் சில நிமிடம் பொறுத்து, கறுப்புக் கோடுகள் போட்ட வெள்ளை அட்டைக்கு முன்னால் குழாயைப் பிடிக்கிறார்கள். கரைசலின் ஊடாகக் கோடுகள் தெரிந்தால் கவலையில்லை. கரைசல் மோர்போல் கலங்கிக் கோடுகள் மறைந்துவிட்டால் அரிவாள் ஹீமோகுளோபின் இருக்கிறது. அது டிரெய்ட்டா, நோயா என்று இந்தக் குழாய் சொல்லாது. அதற்கு எலக்ட்ரோபோரசிஸ் அல்லது எச்பிஎல்சி என்ற ஆய்வகச் சோதனை வேண்டும். லேமன் காலத்தில் இதைவிட எளிய முறை: ஒரு துளி ரத்தத்தில் மெட்டாபைசல்பைட் சேர்த்து, கண்ணாடித் தகட்டுக்கு அடியில் காற்றுப் புகாமல் மூடி, அணுக்கள் வளைகின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருப்பது.

இனமா, கொசுவா?

லேமன் ஜெர்மனியில் பிறந்தவர். இங்கிலாந்துக்கு அகதியாக வந்தவர். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் உகாண்டாவில் வேலை பார்த்தார். அங்கே ஆலன் ரேப்பரோடு சேர்ந்து பல இனக்குழுக்களின் ரத்தத்தைச் சோதித்தபோது, குழுவுக்குக் குழு அரிவாள் அணுவின் அளவு பெரிதும் மாறுவதைக் கண்டார். அவருக்குப் பட்டது: இது மக்கள் இடம்பெயர்ந்த வழியைக் காட்டும் தடயம். அந்தக் கண்ணோடுதான் அவர் நீலகிரியையும் பார்த்தார். தென்னிந்தியப் பழங்குடிகள் ‘வெட்டாயிட்’ என்ற பழைய இனத்தின் எச்சம் என்று அன்றைய மானுடவியலாளர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இலங்கையின் வேடர்களை மாதிரியாக வைத்துச் சூட்டிய பெயர் அது. அந்த இனத்தோடு இந்த மரபணுவை முடிச்சுப் போட்டார் லேமன். 1954-இல் இன்னும் ஒரு படி மேலே போய், அரிவாள் அணு ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போனது என்றே வாதிட்டார்.

கோட்பாடு பார்க்க அழகாக இருந்தது, சோதனையில் நிற்கவில்லை. வேடர்களிடமே ரத்தம் எடுத்துப் பார்த்தபோது அங்கே கிடைத்தது வேறொரு பிறழ்வு: தென்கிழக்கு ஆசியாவில் மிகுந்து காணப்படும் ஹீமோகுளோபின் ஈ. அந்த ஆய்வுக் குழுவில் லேமனும் இருந்தார். எந்த மக்களின் பெயரால் ஓர் இனத்தையே கட்டினார்களோ, அந்த மக்களின் ரத்தமே கோட்பாட்டோடு ஒத்துப்போகவில்லை.

இதே காலத்தில் இன்னொருவர் வேறு கேள்வி கேட்டார். கென்யாவில் வளர்ந்த டோனி ஆலிசன், ஆக்ஸ்ஃபோர்டு மாணவராக 1949-இல் ஊர் திரும்பி ரத்தம் சேகரித்தவர். கடற்கரையிலும் விக்டோரியா ஏரியைச் சுற்றியும் அரிவாள் அணு அதிகம். உயர்ந்த மேட்டுநிலத்தில் குறைவு. இனமும் மொழியும் எதுவாக இருந்தாலும் இந்த வித்தியாசம் மாறவில்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் கொல்லக்கூடிய மரபணு எப்படி இவ்வளவு பேரிடம் நிலைத்திருக்கிறது? இயற்கைத் தேர்வு அதை எப்போதோ துடைத்தெறிந்திருக்கவேண்டுமே! ஆலிசனின் பதில்: மலேரியா. டிரெய்ட் உள்ளவருக்கு மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது. நோயால் இழப்பதை, டிரெய்ட் உள்ளவர்கள் பிழைத்துக்கொள்வதால் அந்த மரபணு ஈடுகட்டிக்கொள்கிறது.

இதை நிரூபிக்க அவர் செய்த ஒரு சோதனை இன்றைக்கு எந்த நெறிக்குழுவின் மேசையையும் தாண்டாது. டிரெய்ட் உள்ள 15 பேர், இல்லாத 15 பேர் என 30 லுவோ இனத் தன்னார்வலர்களின் உடலில் மலேரியாக் கிருமியைச் செலுத்தினார். டிரெய்ட் இல்லாதவர்களில் 14 பேருக்குக் கிருமி பெருகியது. டிரெய்ட் உள்ளவர்களில் 2 பேருக்கு மட்டும். 1954-இல் முடிவுகள் வெளிவந்தன. பின்னாளில் ஆப்பிரிக்காவில் நடந்த பெரிய ஆய்வுகள், டிரெய்ட் உள்ள குழந்தைகளுக்குக் கடும் மலேரியா வரும் வாய்ப்பு சுமார் 90 சதவீதம் குறைவு என்று உறுதிசெய்தன.

இப்போது நீலகிரிக்குத் திரும்பினால் லேமனின் எண்களே வேறு கதை சொல்லும். இருளர், பணியர் வாழ்வது மலையின் கீழ்ச்சரிவிலும் வயநாட்டுப் பக்கத்துக் காட்டிலும். அனோபிலஸ் ஃபுளுவியாட்டிலிஸ் என்ற கொசு தெளிந்த ஓடைகளில் முட்டையிட்டுப் பெருகும் இடம் அது. காப்பித் தோட்டம் போட வந்த வெள்ளைக்காரர்கள் வயநாட்டுக் காய்ச்சலுக்குக் கொத்துக்கொத்தாக மடிந்திருக்கிறார்கள். 1897-இல் விடுப்பில் ஊட்டிக்கு வந்த ரொனால்ட் ராஸ் மலேரியாவைத் தேடி இறங்கிய இடமும் சீகூர் மலைச்சரிவுதான். தேடிப் போனவர் காய்ச்சலையும் வாங்கிக்கொண்டே திரும்பினார். அந்த ஆகஸ்ட் மாதம் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்டு நோபல் பரிசுக்கு வழிபோட்டார். சீகூர்ச் சரிவின் கீழே ஆனைகட்டியிலும் சிறியூரிலும் இருளர்கள் எத்தனையோ தலைமுறைகளாக இருக்கிறார்கள். கொசு ஏறாத குளிர்ந்த மேட்டில் எருமை மேய்த்த தொதவரிடம் அரிவாள் அணு மிகக் குறைவு. இனத்தைத் தேடிய லேமனின் அட்டவணையில் உயரத்தின் கணக்கும் சேர்ந்தே இருந்தது.

ஆனாலும் ஆலிசன் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடவில்லை. மரபணு ஓரிடத்தில் ஏன் தங்கியது என்பதற்குக் கொசு காரணம். அது அங்கே எப்படி வந்தது என்பது தனிக் கேள்வி. மலேரியா எல்லா இடத்திலும் இருந்திருக்கலாம். எழுத்துப் பிழை எங்கே விழுந்தது?

சுவடிப் பாடம் பார்த்த கதை

உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டால் இனி வருவது எளிதில் விளங்கும். இரண்டு ஊர்களில் கிடைத்த இரண்டு ஏடுகளில் ஒரே சொல்லில் ஒரே பிழை. இரண்டும் ஒரே மூலத்தைப் பார்த்து எழுதியவையா? அல்லது இரண்டு பேர் தனித்தனியாக அதே இடத்தில் கை தவறினார்களா? பிழையை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது. அதன் முன்னும் பின்னும் உள்ள வரிகளில் பாட பேதங்களைப் பார்க்கவேண்டும். சுற்றுப்புறமும் ஒத்துப்போனால் ஒரே மூலம். மாறினால் வேறு வேறு.

மரபணுவில் இந்த வேலையைத் தொடங்கிவைத்தவர்கள் சான்ஃபிரான்சிஸ்கோவின் ஒய்.டபிள்யூ. கான், ஆந்த்ரே டோசி. 1978-இல் இவர்கள் ஒரு நொதியைக் கொண்டு டிஎன்ஏவை வெட்டியபோது, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் அரிவாள் மரபணு பெரும்பாலும் 13 ஆயிரம் எழுத்து நீளமுள்ள துண்டில் உட்கார்ந்திருந்தது. சாதாரண மரபணு 7.6 ஆயிரம் எழுத்துத் துண்டில். கருவிலேயே நோயைக் கண்டறிய வழி பிறந்ததும் இதனால்தான். ஆனால் இரண்டு ஆண்டு கழித்து உலகின் பல பகுதி ரத்தங்களைப் பார்த்தபோது, சவூதி, இந்திய அரிவாள் மரபணுக்கள் 7.6 ஆயிரம் எழுத்துத் துண்டில் இருந்தன. பிழை ஒன்றுதான், சுற்றுப் பாடம் வேறு.

அடுத்து பாரிஸ், நியூயார்க் ஆய்வாளர்கள் வந்தார்கள். டொமினிக் லபி, ரொனால்ட் நாகெல், பான்யே ஆகியோர் 1984-இல் ஆப்பிரிக்காவிலேயே மூன்று தனித்தனிச் சுற்றுப் பாடங்களைக் கண்டு, கிடைத்த இடங்களை வைத்துப் பெயரிட்டார்கள்: செனகல், பெனின், மத்திய ஆப்பிரிக்கா அல்லது பாந்து. பிறகு கேமரூன் வகை நான்காவதாகச் சேர்ந்தது. இந்தத் தொகுப்புக்கு ‘ஹாப்லோடைப்’ என்று பெயர். 1986-இல் குலோசிக் குழுவினர் கிழக்கு சவூதியிலும் இந்தியாவிலும் இருப்பது இவை எதனோடும் சேராத ஐந்தாவது பாடம் என்றார்கள். அரபு-இந்திய ஹாப்லோடைப். அரிவாள் அணு ஆசியாவில் தனியாகத் தோன்றியது என்பது அவர்கள் முடிவு. 1989-இல் லபி குழுவினர் நீலகிரி உட்பட இந்தியப் பழங்குடிகளின் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, தொலைதூரங்களில் வாழும், வேறு வேறு மொழி பேசும் இந்தச் சமூகங்கள் எல்லாம் சுமப்பது அந்த ஒரே பாடத்தைத்தான் என்று எழுதினார்கள்.

இந்தக் கருவி கையில் வந்த பிறகு வரலாற்றின் பல மூலைகள் வெளிச்சமாயின. ஜமைக்காவில் பெனின் வகை மிகுதி. பிரேசிலில் பெரும்பாலும் பாந்து வகை, பாகியாவில் மட்டும் பெனின் வகை அதிகம். எந்தத் துறைமுகத்திலிருந்து எந்தத் துறைமுகத்துக்கு மனிதர்களை விற்றார்கள் என்ற கணக்கு அடிமை வணிகரின் பேரேட்டில் இல்லாவிட்டாலும் பேரப்பிள்ளைகளின் ரத்தத்தில் இருக்கிறது. கிரீஸ், சிசிலி இரண்டிலும் இருப்பது பெனின் வகை. சகாராவைக் கடந்து வந்தது. ஆக, அன்றைய அமெரிக்க மருத்துவர்கள் தேடிய ஆப்பிரிக்கத் தொடர்பு அந்தக் கிரேக்கக் குடும்பத்துக்கு எங்கோ இருந்திருக்கக்கூடும். அவர்கள் தவறியது, அதைக் களங்கமாகப் பார்த்ததில்.

எனக்கு மிகவும் பிடித்தது சவூதி அரேபியா. அந்த ஒரே நாட்டில் அரிவாள் அணு இரண்டு வகை. தென்மேற்கில், செங்கடல் பக்கம் ஜிசான், அசீர் பகுதிகளில் பெனின் வகை. கிழக்கில், கதீஃப், அல்-அஹ்சா பேரீச்சம் சோலைகளில் நம் நீலகிரி இருளருடைய அதே அரபு-இந்திய வகை. இரண்டுக்கும் நடுவே பாலைவனம். கிழக்குச் சோலைகள் பார்த்துக்கொண்டிருப்பது பாரசீக வளைகுடாவை. அந்தக் கடல் வழியே சிந்து சமவெளிக் காலத்திலிருந்தே மேற்கு இந்தியாவோடு போக்குவரத்து உண்டு. மரபணு அந்த வழியில்தான் போயிருக்கும் என்பது பலர் கருத்து. இங்கிருந்து அங்கேயா, அங்கிருந்து இங்கேயா என்பதில்தான் சண்டை.

பழங்கால எழுத்தாளரின் பெயரைக் காணோம்

ஐந்து பாடம், ஐந்து தோற்றம் என்று பாடப்புத்தகங்களில் அச்சேறி முப்பது ஆண்டு ஆனபின், 2018-இல் டேனியல் ஷ்ரைனர், சார்லஸ் ரோட்டிமி என்ற அமெரிக்க தேசிய மனித மரபணு ஆய்வு நிறுவனத்து அறிஞர்கள் அதைப் புரட்டிப்போட்டார்கள். பழைய ஆய்வுகள் பார்த்தது பிழையைச் சுற்றி ஒரு சில இடங்களை மட்டும். இவர்கள் முழு மரபணு வரிசையையும் எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். அரிவாள் மரபணு உள்ள 156 பேரின் தரவு. முடிவு: பிழை ஒரே ஒரு முறைதான் விழுந்தது, சுமார் 7,300 ஆண்டுகளுக்கு முன், ஆப்பிரிக்காவில். சகாரா அப்போது பாலைவனமல்ல. மழை பெய்து, ஏரி நிறைந்து, புல் விளைந்த பூமி. அங்கேயோ அதற்குத் தெற்கே மத்திய-மேற்கு ஆப்பிரிக்காவிலோ ஒரு குழந்தைக்கு அந்த எழுத்து மாறியது. ஐந்து பாடங்களாகத் தெரிந்தவை, ஒரு மூலம் தலைமுறை தலைமுறையாகப் பக்கத்து ஏடுகளோடு கலந்து கலந்து பிரிந்த கலப்புப் பாடங்களே.

மறு ஆண்டே இன்னொரு குரல். கியோம் லவால் குழுவினர் மத்திய ஆப்பிரிக்கக் காட்டுவாசிகளையும் விவசாயிகளையும் ஒப்பிட்டு, மரபணுவின் வயது 20,000 ஆண்டுகளுக்கும் மேல் என்றார்கள். வேளாண் மக்களின் மூதாதைகளிடம் தோன்றியது. காட்டு வேட்டுவர்களுக்கு மணவுறவு வழியாகப் பின்னால் வந்தது. இரண்டு குழுவும் தேர்ந்தவர்கள். இரண்டும் நல்ல கணக்கு. விடையில் மூன்று மடங்கு வித்தியாசம். ஒவ்வொரு தலைமுறையும் எத்தனை ஆண்டு, மலேரியா எவ்வளவு வேகமாகத் தேர்ந்தெடுத்தது, மரபணுத் துண்டுகள் எத்தனை முறை இடம் மாறின என்பதையெல்லாம் எப்படி எடுத்துக்கொள்கிறோமோ அப்படி விடை நகரும்.

ஒரே தோற்றம் என்ற முடிவு ஆப்பிரிக்க வகைகள் நான்கையும் பொறுத்தவரை வலுவானது என்றே எனக்குப் படுகிறது. ஐந்தாவதை, நம்முடையதை, அதே வேகத்தில் ஏற்க எனக்குத் தயக்கம். காரணம் எளியது. ஷ்ரைனரும் ரோட்டிமியும் பயன்படுத்தியவை ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டம், ஆப்பிரிக்க மரபணு வேறுபாட்டுத் திட்டம், கத்தார் நாட்டுத் தரவு ஆகிய மூன்றும். ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டத்தில் தெற்காசியா சார்பாக இருப்பவர்கள் யார் தெரியுமா? ஹூஸ்டனில் குடியேறிய குஜராத்திகள், இங்கிலாந்தில் வாழும் தெலுங்கர்கள், அங்கேயே வாழும் இலங்கைத் தமிழர்கள், லாகூர் பஞ்சாபிகள், வங்கதேச வங்காளிகள். அரிவாள் அணுவைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த இருளரும் பணியரும் பில்லரும் கோண்டுகளும் அதில் இல்லை. யாருடைய ஏடு முக்கியமோ அதைப் பிரிக்காமலே பதிப்பு வந்துவிட்டது. சுமார் 10,000 பேரின் மரபணுத் தொகுதியைப் படித்த நம் ஜீனோம் இந்தியா திட்டத்தில் பழங்குடிச் சமூகங்களும் உண்டு. ஆசியத் தோற்றமா, ஆப்பிரிக்க வருகையா என்ற வழக்கைத் தீர்க்கும் வேலை இனி இங்கேதான் நடக்கவேண்டும், இங்குள்ளவர்களால்.

மென்மையா? யாருக்கு?

பூர்வீக ஆராய்ச்சி வெறும் ஆர்வத்துக்காக நடந்ததில்லை. 1972-இல், சவூதியில் அராம்கோ எண்ணெய் நிறுவனத்தின் மருத்துவர் பெர்ரைன், லிவர்பூலின் டேவிட் வெதரால் ஆகியோர் கிழக்குச் சோலைவாசிகளிடம் இந்த நோய் ஆப்பிரிக்காவில்போல் கொடுமையாக இல்லை என்று எழுதினார்கள். அவர்கள் ரத்தத்தில் கருப்பைக் குழந்தையின் ஹீமோகுளோபின் பெரியவர்களான பிறகும் கணிசமாகத் தங்கியிருந்தது. பிறந்த சில மாதங்களில் அணைந்துவிடவேண்டிய அந்தப் பழைய ஹீமோகுளோபின், அரிவாள் ஹீமோகுளோபின் நாராவதைத் தடுக்கிறது. ஒடிசாவிலும் இதே காட்சி. அரபு-இந்தியப் பாடத்தில், பிழைக்குப் பக்கத்திலேயே இந்தக் கருவகை ஹீமோகுளோபினை அணையவிடாத இன்னொரு எழுத்து மாற்றமும் சேர்ந்து வருகிறது.

அணைந்த ஹீமோகுளோபினை மறுபடி ஏற்றினால் நோய் தணியும் என்ற எண்ணத்துக்கு இது பெரிய சான்றாயிற்று. இன்று ஏழை நோயாளிக்குக் கிடைக்கும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை செய்வதும் அதைத்தான். பிரிட்டன் 2023 நவம்பரில் ஒப்புதல் தந்த காஸ்கெவி என்ற கிரிஸ்பர் மரபணுச் சிகிச்சையும் அதே வழி: கருவகையை அணைத்துவைக்கும் பிசிஎல்11ஏ என்ற மரபணுவின் கையைக் கட்டிப்போடுகிறது. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். இந்தியாவுக்குக் கட்டுப்படியாகும் கிரிஸ்பர் சிகிச்சைக்காக டெல்லியின் ஐஜிஐபி ஆய்வகம் தன் சொந்த மரபணுக் கத்தரியை உருவாக்கியிருக்கிறது.

ஆனால் ‘இந்திய வகை மென்மையானது’ என்ற வாசகம் நம் மருத்துவர்களிடம் ஒரு மெத்தனத்தையும் உண்டாக்கிவிட்டது. நாக்பூர் வட்டாரத்து ஆய்வுகள் வேறு சொல்கின்றன. அங்கே இதே ஹாப்லோடைப் உள்ள குழந்தைகள் அடிக்கடி வலியோடும் தொற்றோடும் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். ஹாப்லோடைப் ஒரு காரணம்; ஆல்ஃபா தலசீமியா என்ற இன்னொரு மரபணுக் கோளாறு சேர்ந்திருக்கிறதா, வயிறு நிறையச் சாப்பாடு உண்டா, ஊருக்குள் பஸ் வருகிறதா என்பவையும் காரணங்கள். சராசரி மென்மையாக இருப்பது, வலியில் துடிக்கும் குழந்தைக்கு எந்த ஆறுதலும் தராது.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். விதர்பாவில் இது மகார், குன்பி, தேலி சமூகங்களில் உண்டு. நம் எல்லைக்கு அந்தப் பக்கம் வயநாட்டுச் செட்டிகளிடம் உண்டு. அவர்கள் பழங்குடிப் பட்டியலில் இல்லாத விவசாயிகள். ‘இது ஆதிவாசி நோய்’ என்று சொல்வது, அமெரிக்காவில் ‘இது நீக்ரோ நோய்’ என்று சொன்னதற்கு எந்த விதத்திலும் உயர்ந்ததல்ல. ஒரே ஓடைக்கரையில் ஒரே கொசுவிடம் கடிபட்டவர்களின் நோய் இது. கொசு சுமக்கும் கிருமியும் சும்மா இருக்கவில்லை: காம்பியா, கென்யாக் குழந்தைகளிடமிருந்து எடுத்த மலேரியாக் கிருமிகளில், அரிவாள் ஹீமோகுளோபினையும் மீறித் தொற்றும் மாற்றங்கள் வந்திருப்பதை 2022-இல் கண்டார்கள். பாதுகாப்பு குறைந்துகொண்டே போகலாம். நோய் மட்டும் மிச்சமாக நிற்கும்.

ஆர்கோமெனோஸ் சொல்லும் பாடம்

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் பிரதமர் மோடி தேசிய அரிவாள் அணுச்சோகை ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். பாதிப்பு மிகுந்த மாநிலங்களில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைச் சோதிப்பது, 2047-க்குள் நோயை ஒழிப்பது இலக்கு. சோதனை செய்துகொண்டவருக்கு ஒரு அட்டை. மணம் பேசும்போது இரண்டு அட்டைகளையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். உலகில் ஆண்டுதோறும் இந்த நோயோடு பிறக்கும் சுமார் 3 லட்சம் குழந்தைகளில் பாதிக்கு மேல் நைஜீரியா, காங்கோ, இந்தியா மூன்றில் பிறக்கிறார்கள் என்பதால், இவ்வளவு பெரிய முயற்சி வேண்டியதுதான், தாமதமாகவே வந்திருக்கிறது.

அட்டை விஷயத்தில் மட்டும் கிரீஸைக் கொஞ்சம் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது. கோப்பைஸ் ஏரிச் சதுப்புநிலத்தை ஒட்டிய ஊர் ஆர்கோமெனோஸ். சதுப்பை வடித்தாயிற்று, மலேரியா போயிற்று, மரபணு மட்டும் தங்கிவிட்டது. மரபியலாளர் ஜார்ஜ் ஸ்டமாட்டோயனோபுலோஸ் குழுவினர் ஊரையே சோதித்து, யாருக்கு டிரெய்ட் என்று சொல்லி, ஒருவரையொருவர் மணக்கவேண்டாம் என்று அறிவுரையும் தந்தார்கள். சில ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தால், டிரெய்ட் என்று தெரிந்தவர்களை ஊர் ஒதுக்கியிருந்தது. பலர் மணம் பேசும்போது மறைத்திருந்தார்கள். டிரெய்ட் உள்ள இருவர் மணப்பது குறையவேயில்லை. 1974-இல் வெளியான அந்த அறிக்கை இன்றும் மரபணு ஆலோசகர்களுக்குப் பாடம். அமெரிக்காவிலும் 1970-களில் சோதனையைக் கட்டாயமாக்கிய மாநிலங்களில், நோயே இல்லாத டிரெய்ட்காரர்களுக்கு வேலையும் காப்பீடும் மறுத்தார்கள். விமானப்படைக் கல்லூரி 1981 வரை அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

நம்மூரில் பெண் பார்க்கும் வீட்டில் அந்த அட்டை என்ன பாடுபடும் என்று சொல்லவேண்டியதில்லை. ஜாதகத்தோடு இதையும் ஒரு தோஷமாகச் சேர்த்துவிடுவார்கள். பழி பெண் வீட்டின் தலையில் விழும். ஆகவே அட்டையைக் கையில் கொடுப்பதற்கு முன் அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஊரில் இருக்கவேண்டும், அதே ஊர்மொழியில் பேசுகிறவராக. கூடலூரில் ஆதிவாசிப் பெண்களே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் வேலை செய்யும் ஆதிவாசி மருத்துவமனை பல ஆண்டுகளாக இதைச் செய்துகாட்டுகிறது. அரசு புதிதாக எதையும் கண்டுபிடிக்கவேண்டியதில்லை. அங்கே போய்ப் பார்த்தாலே போதும்.

சமவெளி மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பந்தலூரிலிருந்தோ வயநாட்டிலிருந்தோ வேலை தேடிக் கோவைக்கும் திருப்பூருக்கும் வந்த குடும்பத்தின் குழந்தை, வெளிறிய முகமும் கை கால் வலியுமாக உங்கள் முன் உட்கார்ந்தால், இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். அரிவாள் அணு (சிக்கிள்) சோதனைக்கும் சேர்த்து எழுதுங்கள். ஒரு துளி ரத்தமும் சில நிமிடமும்தான் அதற்குத் தேவை.